நூறு ஆம்பியரும் என் வளையலும்

அந்தக் கம்ப்யூட்டரை என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் என்று நினைத்து வாங்கவில்லை. இரும்பு அலமாரி என்றுதான் வாங்கினார். அவர் வேலை பார்த்த ஆபீசில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, நெஞ்சு உயரத்தில், அடியில் சக்கரமும் கதவில் பூட்டுமாக அது நின்றிருக்கிறது. எங்கள் தீவில், டாலிகஞ்ச் ஈரத்தில் மர பீரோவெல்லாம் பூசணம் பிடிக்கும், இரும்பு என்றால் தேவலை என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மெயின்லேண்டில் கல்யாணம் முடித்த மகன், மருமகளோடு கப்பலில் வர இருந்தான். அவள் சேலை வைக்கத்தான் அலமாரி.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கைக்குட்டை வைக்க இடமில்லை. பச்சைப் பலகைகள் புத்தகம் மாதிரி வரிசையாக நின்றன. அடியில் ஒரு கனத்த பெட்டி, அதன் முதுகில் விரல் தடிமனுக்கு இரண்டு செம்புப் பட்டைகள்.

"எல்லாத்தையும் பிடுங்கிப் பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன்ட்ட போட்டுருவோம்" என்றார்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனால் மிக்சி நின்றாலும் ரேடியோ கம்மினாலும் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு. எனக்கு மனுஷரோடுதான் கூச்சம், சாமானோடு இல்லை. "ஓடுதான்னு பாத்துட்டுப் போடலாமே" என்று முந்தானையிடம் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கப்பல் வர்றதுக்குள்ள ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா ஒன் பொம்மை இங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா கபாடிதான்."

கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

பத்துபஸ்தியில் முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெங்காலிக்காரர் ஒருவர் இவருக்குச் சிநேகிதர். நாங்கள் அவரை அண்ணன் முறையில் தாதா என்போம், அவர் என்னை அண்ணி முறையில் பாபி என்பார். அவருக்கு என்னைவிடக் கூச்சம் அதிகம். அவர் சுவரைப் பார்த்துப் பேசுவார், நான் தரையைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

பலகைகளின் ஓரத்தில் இருந்த பொன்னிறப் பற்கள் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பர் வாங்கி அழிக்கச் சொன்னார் தாதா. நாலு நாள் உட்கார்ந்து அழித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அத்தனை தப்பு அழித்ததில்லை.

பிறகு அந்தக் கனத்த பெட்டி. அதுதான் பவர் சப்ளை.

"பாபி, வீட்டுக் கரண்ட்ல வோல்ட் ஜாஸ்தி. இதுல உல்டா. அஞ்சே வோல்ட். லேகின் நூறு ஆம்பியர்" என்றார் தாதா சுவரிடம்.

"தொட்டா அடிக்குமா?"

"நஹி, அடிக்காது. ஆனா பாபி, ஹாத்... அந்தக் கை..." என் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், டீயைக் குடித்தார். "அப்புறம் சொல்றேன்."

கை அழுக்காக இருக்கிறது என்கிறார் போல என்று நினைத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பலகைகளைக் கோப்பதற்கு முன்னால் சப்ளைக்கு வேறு ஏதாவது சுமை கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குக் கட்டுக்கம்பியைச் சுருட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, இரண்டு முனையையும் பட்டைகளில் முடுக்கினோம். மீட்டர் முள் அஞ்சில் ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பானது. என் வீட்டுக்காரர் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளித்துவிட்டு வந்தார். "கம்ப்யூட்டர்னு பாத்தா கீசராவுல்ல இருக்கு!"

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பலகைகளுக்குப் போகிற தடித்த ஒயர்களைப் பட்டையில் முடுக்கிக்கொண்டிருந்தேன். சப்ளையை அணைக்கவில்லை. ஈர விரலால் தொட்டாலும் ஒன்றும் செய்யாத சாதுவுக்கு எதற்குப் பயம்? கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். என் பொன்வளையல் இரண்டு பட்டைமேலும் ஒருசேரப் படிந்தது.

படார்! வெள்ளை வெளிச்சம். வளையல் பட்டையோடு ஒட்டிக்கொண்டு சுட்டது. வெடுக்கென்று இழுத்ததில் கை வந்தது, வளையலும் வந்தது. பெட்டி 'டிக்' என்று செத்துப்போனது.

"என்னடி, தீபாவளி முன்னாடியே வந்துருச்சா?" என்று வாசலிலிருந்து ஓடிவந்தவர், என் மணிக்கட்டைப் பார்த்ததும் கேலியை விட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். காயம் சின்னதுதான். வளையலில் எலி கடித்தது போல இரண்டு பள்ளம். எனக்கோ அழுகை பெட்டிக்காகத்தான் வந்தது.

தாதா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அரே பாபி! வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழட்டணும். அதான் இந்த வேலையில மொதப் பாடம்."

"சொல்லலியேய்யா!" என்றார் இவர்.

"எப்படிச் சொல்றது? புருஷன் இருக்கிற பொம்பளைகிட்ட வளையலைக் கழட்டுன்னு? எங்க வீட்ல சொன்னா என் பீவி என்னையே கழட்டி வச்சிருவா."

"நீ கழட்டிட்டே செய்யேன்" என்றார் இவர் என்னிடம்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கயில, மொட்டைக் கையோடவா?"

பிறகு நான் எழுந்துபோய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையலைக் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாதா முகத்தை நேராகப் பார்த்து, "கண்ணாடியில கரண்டு பாயுமா?" என்று கேட்டேன்.

"காஞ்ச்? நஹி நஹி! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

பொன்னைக் கழற்றிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தாலிச் சரட்டை ஜாக்கெட்டுக்குள் செருகினேன். தாதா பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திரும்பச் செருகினார். முள் அஞ்சுக்கு ஏறியது. செத்துப்போகவில்லை, ஆபத்து என்று தானாக வாயை மூடிக்கொண்டிருந்ததாம். இந்தத் தடவை அணைத்துவிட்டுத்தான் முடுக்கினேன்.

கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம், தாதா தன் பழைய கடைச் சாமானிலிருந்து எடுத்துவந்த திரையையும் கீபோர்டையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி ஓலமிட்டது. பச்சைத் திரையில் எண்கள் ஓடி நின்றன. நான் ஒரு விரலால் A, B, C தட்டினேன். அடுத்த வரியில் ஒரு கேள்விக்குறி வந்தது.

இவர் என்னைத் தள்ளிவிட்டுத் தன் பெயரைத் தட்டினார். அதற்கும் கேள்விக்குறி. ஊர்ப்பெயர், கேள்விக்குறி.

"இதெல்லாம் ஓடுறதுல சேத்தியா? எதக் கேட்டாலும் முழிக்குது!"

"நீங்களும் நாப்பது வருசமா முழிக்கத்தான் செய்றீங்க. கபாடிக்கா போட்டேன்?"

தாதா சுவரிடம் திரும்பி, "பாபி ஜெயிச்சாச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். இவர் காதில் அது விழவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டி எதற்காவது பதில் சொல்லாதா என்று தட்டிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இருடி, ஒண்ணே ஒண்ணு" என்றார்.

மறுநாள் ஜெட்டிக்குப் புறப்படும் முன், தன் மர பீரோவைக் காலி செய்து துடைத்தார். மருமகள் சேலைகள் அதில் ஏறின. அவர் சட்டைகள் இன்றைக்கும் கொடியில்தான் தொங்குகின்றன.