தலைவலி என்றுதான் சொன்னார்

முதலில் கைதான் என் பேச்சைக் கேட்காமல் போனது. அந்தமானில் லாங் ஐலண்ட் மரத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இரண்டாவது மகள் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திடீரென்று என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தொடங்கினேன். குழந்தை வீறிட்டது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

பிறகு அது அடிக்கடி வந்தது. வந்துவிட்டால் செத்துப்போக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். கணவரிடம் சொன்னேன். பயந்துபோய் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் படகேற்றினார்.

டாக்டரம்மா வங்காளி, இந்தியில் கேட்டார். எங்கள் குடியிருப்பில் மனைவிக்கு நோய் என்றால், வேலையிடத்தில் இந்தி பழகிய கணவன்தான் இடையில் நின்று பேசுவான். அவளுக்கும் இந்தி தெரியுமே என்று யாருக்கும் தோன்றாது. நானோ பக்கத்து வீட்டு வங்காளப் பெண்ணோடு மீன் அரிந்தபடியே இந்தி கற்றிருந்தேன்.

"சாகணும்போல இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் டாக்டரிடம், "சர் மே தர்த் ஹை" என்றார். தலைவலியாம்.

"என்னங்க இது?"

"சும்மா இரு. வெளிய நம்ம குவார்ட்டர்ஸ் லைன் ஆளுங்க உக்காந்திருக்காங்க. நாம போய் எறங்குறதுக்குள்ள படகு ஜெட்டி பூரா தெரிஞ்சிடும்."

அவரும் பாவம்தான். ஆனால் தலைவலி மாத்திரையோடு திரும்பினால் நான் பிழைக்க மாட்டேன். உடைந்த இந்தியில் நானே சொன்னேன்: "தீதி, தர்த் நஹீ. மர்னே கா மன் கர்தா ஹை." அக்கா, வலியில்லை, சாகத் தோன்றுகிறது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். கணவரை வெளியே உட்காரச் சொன்னார்.

சில நாள் படுக்கையில் வைத்து செடேடிவ் (மனத்தை அடக்கித் தூங்கவைக்கும் மருந்து) கொடுத்தார். பிறகு படகு கிடைத்தபோதெல்லாம் போய் அவர் முன்னால் உட்காருவேன். அது ஏறும்போது முகத்தில் குளிர்ந்த தண்ணீரை வாரி அடி, அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதே, கதவைச் சாத்தத் தோன்றினால் பக்கத்து வீட்டுக்குப் போ என்பார். உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லச் சொல்வார். என்னிடம் இருந்தவை குஸ்ஸா, டர், ஷரம் மட்டுமே: கோபம், பயம், வெட்கம். தமிழில் என்றால் மாமியார், நாத்தனார் என்று ஊரைச் சுற்றியிருப்பேன். இந்தியில் சுற்றத் தெரியாததால் நேராகச் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் தேறினேன். அப்போது டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. மெயின்லேண்ட் கப்பலில் போய்விட்டார். புதிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். கைப்பிள்ளையை நடுக்கடலில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. அழுது தீர்த்தேன்.

இதே நிலையில் இருப்பவருக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உங்களுக்காக வேறொருவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொன்ன பிறகும் அது திரும்பி வரும். எனக்கு வந்தது.

ஒரு மத்தியானம் தண்ணீரும் அடித்துப் பார்த்தேன், பெயரும் சொல்லிப் பார்த்தேன். அடங்கவில்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம், "சாகணும்போல இருக்குங்க" என்றேன்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலையே" என்று அழுதார்.

"எனக்கும் தெரியல. உக்காருங்க."

வருஷம், மாதம் என்று முன்பு கணக்குப் போட்டவள் நான். இப்போது இந்தப் பொழுது போனால் போதும். இந்த உடம்பையும் இன்னும் நம்பவில்லை. கூட இருக்கிறேன், அவ்வளவே. அன்று இருட்டும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அது போகவில்லை. நானும் போகவில்லை.