அண்ணன் கீழே இறக்கிய மேசை

எங்கள் அண்ணனை அறிந்து இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் சலாமும் வணக்கமும். அழாமல் எழுத வேண்டும் என்று மதினி சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

அண்ணன் பிறந்தது பேகம்பூரில், பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள சந்தில். தோல் வியாபாரம் நொடித்து, அந்தக் கவலையிலேயே எங்களைப் பெற்ற அத்தா கண்மூடி மவுத்தானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துகொண்டே படித்தார். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, தங்கைகள் எல்லோரையும் கரைசேர்த்த பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். வேலை முடிந்து வரும்போது எனக்கென்று முறுக்குப் பொட்டலம் இருக்கும். "இந்தா, வாயாடி" என்று நீட்டுவார். அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்?

ஓய்வுபெற்ற பின், நூற்பாலைத் தொழிலாளர்களுக்கான நோய் நிவாரணத் திட்டம் ஒன்றில் அவரைக் குறைதீர்ப்பாளராக நியமித்தார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறுபவர்களுக்கு உதவுவது அத்திட்டம். நிவாரணம் உண்டா, இல்லையா என்று முடிவெடுப்பது மருத்துவக் குழு. அந்த முடிவைத் தொட அண்ணனுக்கு அதிகாரம் கிடையாது. விண்ணப்பித்தவர்களை முறையாக நடத்துகிறார்களா என்று பார்ப்பதும், இல்லையென்றால் மேலிடத்தில் எடுத்துச் சொல்வதும்தான் அவர் வேலை.

"ஒருத்தருக்குக்கூட வாங்கிக் குடுக்க ஏலாது. அப்புறம் உனக்கு எதுக்குண்ணே நாற்காலி?" என்று கேலி செய்வேன்.

"அவுக சொல்றத உக்காந்து கேக்க ஒரு ஆளு வேணாமா, வாயாடி?" என்பார்.

ஒருநாள் வடமதுரைப் பக்கத்திலிருந்து நாகம்மாள் என்ற அம்மா வந்து அவர் மேசையைத் தட்டிச் சண்டைக்கு நின்றாராம். அவருடைய கணவர் மில்லில் பஞ்சைப் பிரித்துவிடும் பிரிவில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். பரிசோதனைக்கு வரவில்லை என்று குழு எழுதிவிட்டது. இன்னொரு முறை அப்படி எழுதினால் மனுவே முடிந்துவிடும்.

"வரலைங்கிறாக! காலையிலயே வந்துட்டோம் சார். டாக்டருங்க மூணாவது மாடியில இருக்காக. இவரு பாதியிலயே உக்காந்துட்டாரு. மூச்சு இல்லாத மனுசன் எப்படி ஏறுவாரு? தம் கட்டி ஏறிப் போனவுகள, நல்லாத்தானே ஏறி வந்திருக்கனு திருப்பி அனுப்பிட்டாக!"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. மேலிடத்துக்கு எழுதினார். பார்க்கலாம் என்று பதில் வந்தது. "பாக்கலாம்னா பாக்க மாட்டாகன்னு அர்த்தம்" என்று என்னிடம் பொருமித் தீர்த்தார். அடுத்த பரிசோதனை நாளில் தன் மேசையைக் கீழே இறக்கச் சொல்லி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாகம்மாளின் கணவரும் அவரைப் போன்ற சிலரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தலைமை மருத்துவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார் இது? மேல வாங்க" என்றாராம்.

"நான் வந்துருவேன் டாக்டர். இவுகளால ஏலாதே. இவுக வரலைன்னு நீங்க எழுதுனா, வந்திருந்தாகன்னு நான் எழுத வேண்டியிருக்கும். செத்த நேரம் நீங்கதான் கீழ வாங்களேன்."

மருத்துவர் முறைத்தார். பிறகு இறங்கி வந்தார். பாவம், நல்ல மனிதர்தான். அந்தப் படிகளைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து பரிசோதனை கீழ்த்தளத்துக்கே மாறியது. நாகம்மாளின் கணவருக்கு நிவாரணம் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்கள் அண்ணனைத்தான் ஏசினார்கள். அதையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

அதோடு விட்டாரா மனுஷன்? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "பந்தி மாடியிலயா?" என்பதுதான் முதல் கேள்வி. என் மகள் நிக்காஹ் அன்று பிரியாணி மாஸ்டரோடு மல்லுக்கட்டிக் கீழேயும் ஒரு வரிசை போடவைத்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகுதே என்று கத்தினேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

வேடிக்கை என்னவென்றால், அவர் வீடே மாடியில்தான். கீழ்ப்பகுதியைக் கடைக்கு விட்டிருந்தார். இதய நோய் வந்த பின் மகன் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவான். "என்னையும் வரலைன்னு எழுதிருவாக போல" என்று அந்த மூச்சிரைப்பிலும் சிரிப்பார்.

சென்ற ஆண்டு, அதிகாலை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. மாடிக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். காலை பஸ்ஸில் மில் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் நாகம்மாளும் அவர் கணவரும். மகன் மேலே அழைத்தான். அவர்கள் படிகளைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும் தம்பி. இங்கனயே நின்னு கும்பிட்டுக்கிறோம்."

உள்ளே அழுதுகொண்டிருந்த மதினிக்கு அது கேட்டுவிட்டது. மகனைக் கூப்பிட்டு, "அத்தாவ கீழ இறக்குங்கப்பா. வந்தவங்கள வரலைன்னு ஆக்கிறாதீங்க" என்றார்.

இறக்கினோம். கடை வாசலில் பெஞ்சு போட்டு வைத்தோம். அவர்கள் மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொருவராக வந்து அண்ணனின் முகம் பார்த்தார்கள்.

அன்று கடையை அடைத்து இடம் தந்தவருக்கும், கடைசி நாட்களில் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், தூரம் பாராமல் வந்து அவரவர் வழக்கப்படி வேண்டிக்கொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் அடங்கிய கப்ரை இறைவன் ஒளியால் நிரப்புவானாக.

இம்மலரை வாங்கியவர்கள் சாப்பிடாமல் போய்விடாதீர்கள். தெருவிலேயே பந்தல் போட்டிருக்கிறோம். பந்தி கீழேதான்.