பின் சீட்டும் ஐந்தடித் தட்டும்

பிக்கப் வண்டியின் பின்தட்டில் கேம்பர் என்கிற குட்டி வீட்டைத் தூக்கி வைத்துப் பூட்டுவதுதான் லண்டன் எட்மண்டனில் என் தொழில். தட்டளவு பிசகினால் வீடு பொருந்தாது. நீங்களும் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவர் என்றால் என் பாடு விளங்கும்.

ஏழடி

கிங்ஸ்பரியில் இருக்கும் அன்ரன் அண்ணை சுவர்ப் பூச்சு வேலை செய்பவர், மன்னார்க்காரர். கடலோரம் படுத்தெழும்ப ஒரு கேம்பர் வேண்டும், தட்டு ஏழடி என்று போனில் சொன்னார். வண்டி வந்ததும் அளவு நாடாவைப் பிடித்தேன். ஐந்தடி! நீளப் பலகை ஏற்றிப் பழகிய மனுசன், பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு அதையும் சேர்த்து அளந்திருக்கிறார். மூடிக் காட்டினேன்.

"நான் ஒருநாளும் அதை மூடி ஓடினதில்லையே தம்பி!"

பாரம்

அடுத்த முறை மனைவி மேரி அக்காவும் வந்தார். வண்டி தாங்கவேண்டுமே, என்னென்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அரிசி மூட்டை, இடியப்பப் பானை, கிரைண்டர், ஒரு பெட்டி கருவாடு. இரண்டு பேருக்கா? மகனும் மகளும் வருவார்களாம். மகன் மான்செஸ்டரில், மகள் டொராண்டோவில். மூன்று கோடையாக "வாறம்" என்கிறார்கள். நான் மூட்டையைப் பாதியாக்கச் சொன்னேன்.

"கடற்கரைக்குப் போய்ப் பாணும் ஜாமும் தின்னச் சொல்லுறீரோ?" என்று அக்கா கேட்டார்.

ஆறடி மனுசன்

ஐந்தடித் தட்டுக்கான கேம்பரில் அண்ணையால் கால் நீட்ட ஏலாது. அதனால் நீளத் தட்டு வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரிய கேம்பரையும் ஏற்றி வைத்தேன். அண்ணை ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்தார். வெளியே நோர்த் சேர்குலர் சாலை இரைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியபடி, "கடல் கேக்குது" என்றார்.

அக்கா முன்பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு பேருக்குத்தான் இடம், பின் சீட்டே இல்லை. "பிள்ளையள் எங்கை இருப்பினம்?" முப்பது தாண்டிய பிள்ளைகள் தனிக் காரில் வருவார்கள் என்றேன். அண்ணை மெல்ல இறங்கிவந்து, பின் சீட் உள்ள பழைய வண்டியே இருக்கட்டும், சின்னக் கேம்பரையே பூட்டச் சொன்னார். அப்படியென்றால் உங்கள் கால், அண்ணை? என்று கேட்டேன்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "கால் மடங்கும் தம்பி. பிள்ளையள் வந்து நிக்கேக்க இடமில்லை எண்டு சொல்ல ஏலாது."

எங்கள் பிள்ளைகளும் போன பின் நானும் மனைவியும் மட்டும் சாப்பிடுகிற மேசைக்கு இன்னும் ஆறு கதிரை கிடப்பதால், நான் மேற்கொண்டு வாதாடாமல் ஐந்தடிக் கேம்பரைப் பூட்டினேன்.