பதட்டக்காரங்களுக்கு ஸ்டாப்வாட்ச் புடிச்ச கதை

கேஸ மூடிட்டமான்னு தெருமுன வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து பாத்தவங்கல்லாம் கையத் தூக்குங்க பாப்போம். தூக்கலையா? யாராச்சும் பாத்துருவாங்கன்னு பயம், அதான? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான், தள்ளி உக்காருங்க. படபடன்னு வர்றவங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுக்குற எடத்துல ஸ்டாப்வாட்ச் புடிக்கிறதுதான் நம்ம தொழிலு. நெஞ்சு அடிச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கிறவங்க முன்னாடி நின்னு "ரெடி, ஸ்டார்ட்"னு கத்தணும். இப்படி ஒரு வேல இருக்குன்னு எனக்கே அதுல சேந்த அன்னைக்குத்தான் தெரியும்.

இன்ஜினியரிங் மூணாவது வருசத்தோட நின்னுட்டேன். வீட்டுல சும்மா கெடந்தவன, தருமபுரத்துல மாடியில வகுப்பு நடத்துற மேடம் கூப்புட்டாங்க. ஆறு வாரம். மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் ஆசனம், கொஞ்ச நேரம் கண்ண மூடி உக்காந்திருக்கிறது. இதெல்லாம் பண்ணா பதட்டக்காரங்களுக்கு கவனம் ஒரு எடத்துல நிக்கிதான்னு பாக்க, மொத நாள் ஒரு பேப்பரு, கடைசி நாள் ஒரு பேப்பரு. பேப்பர் பூரா நம்பரா கெடக்கும். அதுல ஆறுங்குற நம்பர மட்டும் தேடித் தேடி அடிக்கணும். தொண்ணூறு செகண்டு. போன்ல ஸ்டாப்வாட்ச ஓட விட்டு நிறுத்துறவன் நான்.

ஒம்போதால வந்த பிரச்சன

தஸ்லீமா அக்காவுக்கு வூட்டுக்காரர் குவைத்துல. போன் அடிச்சாலும் பயம், அடிக்கலன்னாலும் பயம். மொத பேப்பர்ல ஒரு ஆறு விடல. மேடமே அசந்துட்டாங்க. பேப்பர வாங்கி ஃபைல்ல வச்சேன், அக்காவும் செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல மேல மூச்சு வாங்க வந்து நிக்கிறாங்க. அந்தப் பேப்பர இன்னொரு தரம் குடுங்குறாங்க. "டைம் முடிஞ்சு போச்சுக்கா, அதெல்லாம் குடுக்கக் கூடாது"ன்னேன். "அந்த ஒம்போதெல்லாம் தலகீழா நிக்கிற ஆறா இருந்துச்சுன்னா என்ன தம்பி பண்றது? அல்லாவே, ஒரே ஒரு தரம் திருப்பி வச்சுப் பாத்துட்டுத் தந்துர்றேன்."

கண்ண மூடாத டிரைவரு

செல்வம் அண்ணனுக்கு ஊரு கோட்டுச்சேரிமேடு. மீன்புடி போட்டு டிரைவரு. அவரோட சேத்து போட்டுல எட்டு பேரு. போட்டெல்லாம் கரையில கெடக்குற தடைக்காலத்துக்குக் கொஞ்ச நாள் முன்ன, நடுக்கடல்ல அவருக்கு நெஞ்சு அடைச்சிருக்கு. செத்துருவோம்னு பயந்து, வல எறக்காமயே போட்டத் திருப்பிட்டாரு. ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டு நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. தடை முடியிறதுக்குள்ள சரியாகணும், இல்லன்னா மொதலாளி வேற டிரைவரப் பாத்துருவாரு. ரெண்டு மாசத்துக்குள்ள மனுசனுக்கு தைரியம் வரணும். அதுக்குத்தான் வந்தாரு.

மொத பேப்பர்ல பாதி கூடத் தாண்டல. ரெண்டு வரி அடிப்பாரு, நெஞ்சுல கைய வச்சுப் பாப்பாரு, மறுபடி ரெண்டு வரி. அப்பறம் மேடம் எல்லாரையும் கண்ண மூடச் சொன்னாங்க. பன்னெண்டு பேரு மூடிட்டாங்க, இவரு மட்டும் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் கிட்டப் போயி மெதுவா, "அண்ணே, கண்ண மூடுங்க"ன்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏழு பேரு பின்னாடி தூங்குறானுவ. நானும் மூடிட்டா போட்ட ஒங்க மேடமா ஓட்டுவாங்க?"

முட்டி வரைக்கும்

நெடுங்காட்டுலேருந்து கலியமூர்த்தி அய்யா வருவாரு. வாய்க்கால்ல தண்ணி வருமா வராதாங்குறதுதான் அவரு வியாதி. படுக்க வச்சு, கால் பெருவிரல்லேருந்து ஒவ்வொரு எடமா கவனிச்சுக்கிட்டே மேல வரச் சொல்லுவாங்க மேடம். தல வரைக்கும் வந்தா முடிஞ்சிச்சு.

எல்லாரும் எந்திரிச்சதும் மேடம் ஒவ்வொருத்தரா கேட்டாங்க. தஸ்லீமா அக்கா தலைக்கு வந்துட்டு, கால விட்டுட்டு வந்துட்டமோன்னு திரும்பப் போயிப் பாத்தேன்னாங்க. அய்யா துண்ட உதறித் தோள்ல போட்டாரு. "முட்டி வரைக்கும் ஒழுங்காத்தான் வந்தேங்க. அங்கேருந்து மதகப் பாத்துட்டு வந்துருவோம்னு போனவன், இன்னும் வரல."

மூச்சப் பாத்த கத

மூணாவது வாரம். "மூச்ச மட்டும் கவனிங்க, உள்ள போவுது, வெளிய வருது"ன்னு மேடம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. செல்வம் அண்ணன் சடார்னு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் பின்னாடியே ஓடுனேன். மாடிப்படியில உக்காந்திருக்காரு, சட்ட நனைஞ்சு போச்சு. தண்ணி குடுத்துட்டு என்னண்ணே ஆச்சுன்னேன். "நாப்பது வருசமா அது பாட்டுக்கு வந்துக்கிட்டு கெடந்துச்சுடா. இப்ப நான் பாக்கலன்னா நின்னுருமோன்னு இருக்கு."

மேடம்கிட்ட அத அப்படியே போயிச் சொன்னேன். அவங்க கோவிச்சுக்கல. சில பேருக்கு உள்ள பாத்தா பயம் ஏறத்தான் செய்யும், அவரு வெளிய பாக்கட்டும்னாங்க. அன்னையிலேருந்து கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே, பாதம் தரையில எங்கெங்க படுது, காதுல என்னென்ன விழுதுன்னு பாக்கணும். ஒரு வாரம் போனதும் எப்படிண்ணே இருக்குன்னு கேட்டேன். "இதத்தான தம்பி நான் தெனம் போட்டு வீலப் புடிச்சுக்கிட்டு பண்றேன். இதுக்குப் பேரு பயிற்சின்னு எவனும் சொல்லலையே."

கடைசி பேப்பரு

தடை முடிய நாலு நாளு இருக்கு. பேப்பரக் குடுக்குறதுக்கு முன்னாடி செல்வம் அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. மொத பேப்பர விட இது கூடலன்னா, வேற ஆளப் பாருங்கன்னு மொதலாளிகிட்ட நானே சொல்லிருவேன், ஏழு பேரக் கூட்டிட்டுப் போயி வெளையாட முடியாதுன்னாரு. ஸ்டார்ட்னேன். இந்தத் தடவ கை நெஞ்சுக்குப் போகல. ஆனா ஒவ்வொரு வரியையும் ரெண்டு தரம் பாக்குறாரு. எழுவது செகண்டு ஆச்சு, பழைய எடத்தத் தாண்டல. எம்பது. தொண்ணூறு.

எனக்கு கட்டவெரல் எறங்கல. நூத்திப்பத்துல அமுக்கிட்டு "ஸ்டாப்"னேன். பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியல, மேடம் அடுத்த ரூம்புல. கூட்டிப் பாத்தா மொத பேப்பர விட நாலு வரி கூட. அண்ணனுக்கு மொகமே மாறிப்போச்சு. பேப்பர ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி, நாலா மடிச்சு சட்டப்பையில வச்சாரு. "மனுசன் நம்மள சமாதானப்படுத்த ஆயிரம் சொல்லுவான். நம்பரு அப்படிச் சொல்லாதுல்ல தம்பி."

எனக்கு வந்தது

போட்டு போன அன்னைக்கு டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு ஒரு கணக்கு வந்துச்சு: இருபது செகண்டு, எட்டு பேரு. அவ்வளவுதான், டம்ளர அப்படியே வச்சுட்டேன். போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியன்னு ஒரு அம்மா சொன்னிச்சு. மூச்சப் பாத்தேன், பாதத்தப் பாத்தேன், காதுல விழுறத எண்ணுனேன். அஞ்சு நாளும், நாங்க ஊருக்குச் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூட எனக்கு வேல செய்யல.

ஆறாவது நாளு ஹார்பர்ல நின்னேன். போட்டு வந்துச்சு. எட்டு தலையையும் ரெண்டு தரம் எண்ணுனேன். மீனெல்லாம் எறக்கிட்டு அண்ணன் வந்தாரு. நெஞ்சடைப்பு மறுபடி வந்துச்சாண்ணேன்னேன். வந்துச்சுன்னாரு, ரெண்டாவது நாளே, அதே மாதிரி. "அண்ணே, அந்தப் பேப்பர்ல ஒண்ணு"ன்னு நான் ஆரம்பிச்சேன், அவரு முடிக்க விடல. "அத வீலுக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்டா. அது பாட்டுக்கு நெஞ்ச அடைச்சுது, நான் பாட்டுக்கு பேப்பரப் பாத்துக்கிட்டே ஓட்டுனேன், நடுக்கடல்ல எறங்கிப் போவ எடமில்லாம அதுவும் எங்ககூட மீன் புடிச்சுட்டுத்தான் வந்துச்சு."

ஆறு வாரப் பயிற்சியில அவருக்குக் கவனம் நல்லாக் கூடியிருக்குன்னு மேடம் ரிப்போர்ட் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டாங்க, அதுல இருபது செகண்டு நான் திருடிப் போட்டதுன்னு இன்ன வரைக்கும் அவங்ககிட்டயும் சொல்லல, அவருகிட்டயும் சொல்லல.