நீளம் பூச்சியம்

பகலில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில், பல நாட்டுக்காரர் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கும் ஒரு மென்பொருளில் கைவைப்பேன். வலையமைப்பில் கணினிகள் ஒன்றோடொன்று என்ன பேசுகின்றன என்று பிரித்துக் காட்டும் கருவி அது.

ஒரு ஞாயிறு காலை, லண்டனில் எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டின் சமையலறை மேசையில் இருந்தபோது முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு சின்னக் கோப்பு. 'உங்கள் கருவியில் திறந்து பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்த பழைய மடிக்கணினியில் திறந்தேன். கருவி பொத்தென்று விழுந்து மூடிக்கொண்டது.

வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொதியும் தன் நீளத்தைத் தானே சொல்லும். எங்கள் கருவி அதை அப்படியே நம்பிவிடும். இந்தப் பொதி பெரிய எண்ணாகப் பொய் சொல்லியிருந்தது. கெட்டிக்காரத் திருடன் ஒருவன் கணினிக்குள் நுழைய இந்த ஓட்டையே போதும். எண் அளவுக்கு மிஞ்சினால் நிறுத்து என்று ஒரு சோதனையை எழுதி, கொஞ்சம் பெருமையோடு அவருக்கே அனுப்பினேன்.

மத்தியானத்துக்குள் இன்னொரு கோப்பு வந்தது. இந்தமுறை கருவி விழவில்லை, அசையாமல் நின்றுவிட்டது. விசிறி மட்டும் இரைந்தது. பார்த்தால், நீளம் பூச்சியம்! பொதியைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது கருவி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா, தனிய இருந்து சிரிக்கிறியள்?" என்றாள் மனைவி.

அதையும் திருத்தி, மறுபடி சோதிக்க முடியுமா என்று கேட்டு எழுதினேன். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பதில் வந்தது: "ஓம், பாக்கிறன்." அடுத்த நிமிடமே ஒரு மன்னிப்பு மடல். நான் தமிழில் எழுதினேன்: "ஆறுதலாப் பாருங்கோ."

உடனே வீடியோ அழைப்பு வந்தது. என்னைவிட மூத்த ஒரு பெண்மணி.

"ஐயோ தம்பி, நீங்கள் தமிழோ? மகளுக்கு அனுப்பிற நினைப்பில அடிச்சிட்டன்!"

சுவிஸில் இருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு, கிங்ஸ்பரிக்கு வந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஓட்டை தேடுவது பொழுதுபோக்கு.

"பூச்சியம் போடவேணுமெண்டு எப்பிடி அக்கா தோணினது?"

"நீங்கள் பெரிய எண்ணைத்தானே தடுத்தனீங்கள். சின்னதை மறந்திருப்பியளெண்டு நினைச்சன். நானும் அப்பிடித்தான் மறப்பன்."

திருத்திய பதிப்பு வெளியானபோது, நன்றிப் பகுதியில் எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டேன். "முழுப்பேரையும் போடுங்கோ. சுவிஸில எல்லாரும் அதைப் பாதியாக்கிப் போட்டினம்" என்றார். போட்டோம்.

பிறகொரு சனிக்கிழமை, கணவரோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் கணவர் என் மனைவியோடு பூந்தோட்டக் கதையில் இறங்க, நாங்கள் இருவரும் மடிக்கணினியின் முன்னால் குந்திவிட்டோம். அக்கா தட்டிய இன்னொரு கோப்பு கருவியை மறுபடி விழுத்தியது. இரண்டு பேரும் கைதட்டினோம்.

"இடியப்பம் ஆறுது!" என்று மனைவி கூப்பிட்டாள்.

"இந்தா வாறம்!" என்றோம் ஒரே குரலில். ஒருவரும் எழும்பவில்லை.