நல்லமுத்துவின் பத்து நொடி

நாதஸ்வரம் முடிந்து, பாடுகிறவர் வாயைத் திறக்கிற நேரத்தில் நல்லமுத்து விரலை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டார். ஹட்டன் கடைத்தெருவில், சிதம்பரநாதன் முதலாளியின் கடையில், வேனில் பூட்டுகிற பாட்டு செட்டுகளில் அன்று பிற்பகல் அது ஏழாவது. ஏழிலும் அதே பிள்ளையார் பாட்டு. ஏழிலும் பிள்ளையார் பெயர் வருவதற்குள் விரல் போய்விட்டது.

“ஏன் மாமா, கொஞ்சம் பாடட்டுமே” என்றாள் நிஷாந்தி. வேன் அவளுடையது. செட்டு வேண்டியதும் அவளுக்குத்தான்.

“பாட்டு கேக்கவா வந்தோம்? செட்டு கேக்க வந்தோம் புள்ள. பாட்டு ஆரம்பிச்சிருச்சுன்னா காது அது பக்கம் போயிரும். அப்புறம் செட்டு என்னா கோளாறு பண்ணுனாலும் நல்லாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு, பாடாத செட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கருவாடு வாங்குகிறவர் மாதிரி முகர்ந்து பார்த்தார்.

இந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் வேலை. கொழுந்து வாட்டுகிற மாடியில் பெரிய பெரிய காற்றாடிகள் ஓடுமே, அவற்றைப் பார்த்துக்கொள்வார். வாகனம் என்று அவருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு குடைதான். ஆனால் அக்கரப்பத்தனையிலிருந்து கினிகத்தேனை வரை, வேனோ ஆட்டோவோ வைத்திருக்கிற எவரும் அவர் இல்லாமல் பாட்டு செட்டு வாங்குவதில்லை. யார் தொடங்கிவைத்த வழக்கமோ தெரியாது, நிஷாந்திக்கு மட்டும் அந்த ஆளின் பெயர் தெரிந்திருந்தால் அன்றைக்கு வேனை நேராக அந்த ஆள் வீட்டு வாசலுக்கே சண்டைக்கு விட்டிருப்பாள்.

கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். ஒரு டீ, ஒரு மாலு பணிஸ். அதிலும் உள்ளே இருக்கிற மீனையும் கிழங்கையும் முதலில் தோண்டித் தின்றுவிட்டு, வெறும் ரொட்டியைக் கடைசியில் டீயில் நனைப்பார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவசரப்படுத்தினால் இன்னொரு டீ சொல்வார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு துண்டு வயர், ஒரு சின்ன பல்ப், தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ், கோயில் கயிறு கட்டிய ஒரு பென் டிரைவ். அந்தப் பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டு. அதையும் இந்த உலகத்தில் எவரும் முழுதாகக் கேட்டதில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்கு வழக்கமில்லை. திங்கட்கிழமை நிஷாந்தி அவரைத் தேடிப்போய், “மாமா, வேனுக்கு ஒரு செட்டு வாங்கணும். எங்க வாங்கலாம்?” என்றுதான் கேட்டாள்.

“வேன் ராத்திரி எங்க நிக்கும்?”

“லயத்து வீடுகளுக்குக் கீழ, றோட்டோரமா.”

“மேல தகரம் இருக்கா, இல்ல பனி அப்புடியே எறங்குமா?”

“எறங்கும். மாமா, கடை எது...”

“காலையில மொதல்ல சாவி போட்டா ஒரே தடவையில கெளம்புமா, முக்குமா?”

“முக்கும். கடை...”

“முன்சீட்டுல எத்தன பள்ளிக்கூடப் புள்ளைங்க?”

“நாலு.”

“டொபி திங்குங்களா?”

நிஷாந்தி எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள். போக முடியவில்லை. காரணம் போன வருஷத்தது.

மாசி மகத்துக்கு மாத்தளைத் தேர் பார்க்க அவர்கள் தோட்டத்துச் சனம் வேன் பிடித்துப் போகும். போன வருஷம் கோயில் கமிட்டி முதல் முறையாக நிஷாந்தியின் வேனைப் பேசியது. பெண் ஓட்டுகிற வேனில் சாமி காரியத்துக்குப் போவதா என்று சிலர் முனகியும், கமிட்டித் தலைவர் மூக்கன் பிடிவாதமாக நின்று முடித்துக்கொடுத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஒரு பிள்ளையார் பாட்டைப் போட்டுக்கொண்டு வேன் புறப்பட்டது. முதல் பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, வண்டியும் நிற்கக்கூடாது. அது அங்கத்து முறை. மதகடி வளைவில் ஒரு பள்ளம். வேன் அதில் இறங்கி ஏறியது. பாட்டு பாதியில் செத்துப்போனது.

பால்குடம் எடுக்கிற வேலாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். “நிப்பாட்டு புள்ள. பிள்ளையாரு வரலன்னுட்டாரு. நான் எறங்குறேன்.” ஒருத்தி இறங்கினால் போதாதா? பதினாலு பேரும் இறங்கினார்கள். பின்னால் சும்மா வந்துகொண்டிருந்த வேன்காரன் விஜிதரனின் காலி வேனில் ஏறிக்கொண்டு மாத்தளைக்குப் போய்விட்டார்கள். நிஷாந்தி நசுங்கிய எலுமிச்சம்பழங்களைத் தாண்டி வேனைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம், பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, எதற்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. விஜிதரன் மட்டும் பார்க்கிற இடத்திலெல்லாம், “அக்கா, செட்டு இல்லாட்டி என்னா, நீங்களே பாடிக்கிட்டு ஓட்டுங்க” என்பான்.

இந்த வருஷம் மூக்கன் மறுபடியும் இடம் கொடுத்தார். “வியாழக்கெழம சாயந்தரம் கோயிலடிக்கு வேனைக் கொண்டா. நாங்க ஏறி உக்காருவோம். பாட்டப் போட்டுக்கிட்டு மதகடி தாண்டி பெக்டரி வரைக்கும் போகணும். முழுப் பாட்டும் ஓடுனா ஒன் வேனு. இல்லாட்டி என்னைய ஒண்ணும் கேக்காத தாயி.”

அதனால்தான் நிஷாந்தி எழுந்து போகவில்லை. அதனால்தான் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளை வீடு சேர்த்த கையோடு, இந்த மனிதரை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து, ஏழாவது செட்டுக்கு முன்னால் நின்றாள்.

அந்த ஏழாவது செட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. கைப்பேசி மாதிரி அகலமான திரை. ஓரத்தில் நீல விளக்கு. படமும் வரும். விஜிதரன் வேனில் இருப்பதைவிட ஒரு விரல் பெரியது.

நல்லமுத்து மறுபடி பாட்டைப் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முஷ்டியை மடக்கி செட்டின் தலையில் நங்கென்று ஒரு குத்து.

“யோவ்!” சிதம்பரநாதன் முதலாளி கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். “அது என்னா செட்டா, தேங்காயா?”

“எங்க றோட்டு இதவிட நல்லாக் குத்தும் மொதலாளி.” பாட்டு ஒரு முறை விக்கியது. நல்லமுத்து திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “சரி, இது கெட்டா யாரு தொறப்பா?”

“கெடாது.”

“கெட்டா?”

“கொழும்புக்கு அனுப்பணும். ரெண்டு மூணு வாரத்துல வந்துரும்.”

“அப்ப மாத்தளைத் தேரு மூணு வாரம் நிக்குமா?” நல்லமுத்து குடையை எடுத்துக்கொண்டார். “எந்திரி புள்ள.”

முதலாளி நிஷாந்தியைப் பார்த்தார். “இந்தாளக் கூட்டிக்கிட்டு வந்தா நீ ஜென்மத்துக்கும் செட்டு வாங்கமாட்டம்மா.” அவளுக்கும் அப்படித்தான் பட்டது. தெருவில் வைத்தே கேட்டுவிட்டாள்.

“மாமா, ஒங்களுக்கு என்னாதான் வேணும்? ஊருல எல்லாரும் அந்தக் கடையிலதானே வாங்குறாங்க?”

“வாங்குற கடை எதுன்னு கேக்குற. தொறக்குற ஆளு எவன்னு கேளு. செட்டு எல்லாம் ஒரு நாளைக்குக் கெடும். அன்னைக்குக் கெட்டத தொறந்து வச்சிக்கிட்டு உக்கார ஒரு ஆளு பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட வாங்கு.”

“அப்புடி ஒரு ஆளு இருக்காரா?”

“இருக்காரு.”

“எங்க?”

“கினிகத்தேனையில.”

அவர்கள் தோட்டத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிற கினிகத்தேனை! நிஷாந்திக்கு ஆத்திரம் வந்தது. “இத நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா?”

“நேத்துச் சொன்னா நீ கேட்டிருப்பியா? நீலக் கலரு லைட்டு எங்கன்னு கேட்டிருப்ப.”

இது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மாலு பணிஸுக்கு அன்று அவள் நிறுத்தவில்லை. நோட்டன் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டினாள். நல்லமுத்துவுக்கு அது கோபம் என்று தெரிந்ததாகவே தெரியவில்லை. வழி முழுக்கக் கதவில் காதை வைத்து, எந்த ஆணி ஆடுகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை கினிகத்தேனைக்குப் போனார்கள். கடை என்று சொல்வதற்கு ஒரு தகரக் கொட்டில். சுனில் பாஸ் என்று, செட்டு பழுது பார்க்கிற ஒரு சிங்கள மனிதர். ஜப்பானிலிருந்து வந்து இறங்குகிற வாகனங்களில் சனம் பழைய செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரை வைத்த செட்டுப் பூட்டுகிறார்களே, அப்படிக் கழற்றியதெல்லாம் அவரிடம் அடுக்கி இருந்தது. நல்லமுத்துவைப் பார்த்ததும் அவர் ஒரு செட்டை எடுத்து, நாலு திருகாணியையும் கழற்றி, வயிற்றைத் திறந்து காட்டினார். நல்லமுத்து பிரஷை எடுத்து உள்ளே ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் ஏதோ குழந்தைக்கு மாந்தம் பார்க்கிறவர்கள் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூடினார்கள். பாட்டைப் போட்டார்கள். நங்கென்று ஒரு குத்து. பாட்டு அசையவில்லை. பத்தாவது நொடியில் விரல் போனது.

“இதுதான்” என்றார் நல்லமுத்து.

நிஷாந்தி பார்த்தாள். திரை இல்லை. நீல விளக்கு இல்லை. கறுப்பாக இரண்டு திருகு. “ஆஸ்பத்திரிக் கந்தோருல மேசை மேல இருக்குற பழைய ரேடியோ மாதிரி இருக்கு மாமா.”

“ஹொந்தயி நங்கி. நல்லது தங்கச்சி. கெட்டா நான் இருக்கேன்” என்றார் சுனில் பாஸ், சிங்களமும் தமிழுமாக.

அவரே பூட்டியும் கொடுத்தார். போன வருஷம் பாட்டைக் கொன்றது எது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பழைய செட்டுக்குப் பின்னால் ஒரு வயர், முறுக்கிவிட்டு மேலே டேப் சுற்றியிருந்தது, பள்ளத்தில் விழுந்தபோது விட்டுப்போயிருக்கிறது. “எறங்கிப் போன சாமி இதுதான்” என்று நல்லமுத்து அந்த வயரைத் தூக்கிக் காட்டினார். சிரிக்கவில்லை. நிஷாந்தியும் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்தை அப்படி வயரில் தொங்கவிட்டுக் காட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்?

“இப்பவாவது முழுப் பாட்டும் போட்டுப் பாப்போம் மாமா.”

“எதுக்கு? கேட்டாச்சே.”

வியாழக்கிழமை சாயந்தரம் தூறல். கோயிலடியில் மூக்கனும், வேலாயியும், இன்னும் ஆறு பேரும் ஏறினார்கள். வேலாயி கதவுப் பக்கமாகவே உட்கார்ந்தாள், இறங்க வசதியாக. நல்லமுத்து பெக்டரி உடுப்போடு வந்து, கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நிஷாந்திக்கு அப்போதுதான் பயம் வந்தது. பள்ளத்துக்கு அவள் பயப்படவில்லை. செட்டுக்கும் பயப்படவில்லை. பக்கத்தில் இருக்கிற அந்த விரல்! பழக்கத்தில் அது ஒரு தடவை நீண்டால் போதும், வேலாயி இறங்கிவிடுவாள்.

“மாமா, நீங்க பின்னுக்கு உக்காருங்களேன்.”

“வயரப் பாக்கணும்.”

“சரி, கைய மட்டும் நீட்டிறாதீங்க. கும்புடுறேன்.”

“நானா? நான் ஏன் புள்ள நிப்பாட்டப் போறேன்?” என்றார், தன் பென் டிரைவைச் செருகிச் சரிபார்க்கப் போட்டிருந்த பாட்டை நிறுத்திக்கொண்டே.

பின்னால் யாரோ சிரித்தார்கள். “இனிப் போட்டா நிப்பாட்டக் கூடாது” என்றார் மூக்கன். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். நிஷாந்தி பாட்டைப் போட்டுவிட்டு வேனை எடுத்தாள்.

நாதஸ்வரம் முடிந்தது. பத்தாவது நொடி. பக்கத்து இருக்கையில் ஒரு அசைவு. அவள் பார்க்கவில்லை, றோட்டைப் பார்த்தாள். பாட்டு தாண்டிப் போனது. அந்தப் பாடுகிறவரின் குரலை அவள் முதல் முறையாகக் கேட்டாள். நல்ல குரல்தான். மதகடி தெரிந்தது. பள்ளம் போன வருஷத்தைவிட ஆழம். முன்சக்கரம் இறங்கியது, வேன் ஒரு முறை முழுதாக உதறியது, பின்சக்கரம் ஏறியது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவர் கை வந்தது. அவருக்குத் தெரிந்து வந்ததா, தெரியாமல் வந்ததா, அந்தப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். விரல் நீண்டு, திருகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நிஷாந்தியால் கையைத் தட்டிவிட முடியாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வாயைத் திறக்கவும் முடியாது, பேசினால் முறை கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

நல்லமுத்து அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மடக்கி இழுத்து, தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

பெக்டரி வாசலில் பாட்டு முடிந்தது. பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது, வேலாயியுடையது. “வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் வந்துரணும் தாயி, மகத்தன்னைக்கு” என்றார் மூக்கன்.

சனம் இறங்கியது. பாட்டு தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாதஸ்வரம் முடிந்தது, பத்து நொடியும் போனது. நல்லமுத்து இறங்கவில்லை, தொடைக்கு அடியில் இருந்த கையையும் எடுக்கவில்லை.