கமலா சிஸ்டர் தானாக விழவில்லை

போன வியாழக்கிழமை காலை சுகாதார நிலைய மருந்தகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது ஆலைத் தொழிலாளி செல்வத்திடமிருந்து போன் வந்தது. "சார், நம்ம கமலா சிஸ்டர் பூட்டாங்க. ஸ்கூட்டில வந்துகினு இருந்தாங்க, எங்க கம்பெனி பஸ்ஸு பின்னாடி வந்து இட்ச்சிடிச்சி. நான் உள்ளதான் குந்தினு இருந்தேன்." பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே சீட்டில் எழுதியிருந்தது, ‘ஸ்கூட்டரிலிருந்து தானாகத் தவறி விழுந்தார்’ என்று. யார் சொன்னது என்று கேட்டேன். கூட்டிவந்தவர் சொன்னாராம். அவர் அதே பஸ்ஸில் வந்த சூப்பர்வைசர்.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த பதினோரு வருடமும் அந்த அம்மா மல்லுக்கட்டியது இந்த ஒரு வரியோடுதான்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பாதிப் பேருக்கு இது தெரியும். மெஷினில் கை மாட்டியவனைக் கூட்டிவருகிறவர் "பைக்லேர்ந்து வியுந்துட்டான்" என்றுதான் சொல்வார். ஆலைக்குள் அடிபட்டது என்றால் விசாரணை வரும், ரோட்டில் என்றால் யார் தலையும் உருளாது. சிஸ்டர் அவரை ஓ.பி. சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அடிபட்டவனிடமே கேட்பார்.

ஒரு நாள் சிஸ்டர் லீவு. வலது கையில் இரண்டு விரல் போன செல்வத்தைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் வழக்கமான கதையைச் சொன்னார். விபத்துப் பதிவு நோட்டில் அதை அப்படியே எழுதியது நான்தான். டாக்டரும் கையெழுத்துப் போட்டார். சில நாள் கழித்துக் கட்டு மாற்ற வந்தவனைப் பார்த்துவிட்டு சிஸ்டர் அவனையும் கூட்டிக்கொண்டு என் மருந்தக ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா பாஸ்கர், இன்னா எழுதி வெச்சிக்கிற? பைக்ல வியுந்தவனுக்கு முட்டில ஒரு சிராய்ப்பு இல்ல. ரெண்டு வெரலு மட்டும் தனியா போய் ரோட்ல வியுந்துச்சா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செல்வம், "வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க சிஸ்டர்" என்றான்.

"பயந்துகினே சொல்லு. பயம் போனப்பறம் சொல்லலாம்னா நீ கெயவனாயிடுவ."

சொன்னான். சிஸ்டர் விடாப்பிடியாக நின்று, டாக்டரை வைத்தே பதிவைத் திருத்தினார். அதன் பிறகுதான் அந்த மெஷினுக்குத் தடுப்பு போட்டார்கள். செல்வத்தை பேக்கிங் வேலைக்கு மாற்றினார்கள். நோயாளிகளை மிரட்டுகிறார் என்று யாரோ மனுப் போட்டு சிஸ்டருக்கு மெமோவும் வந்தது. பொய் சொல்லச் சொல்லித் தொழிலாளியை மிரட்டியவனிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. சிஸ்டர் அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

அவர் பூப்போலப் பேசுகிறவர் அல்ல. செக்கப்புக்கு வராத கர்ப்பிணியை வடக்குப்பட்டு வரைக்கும் தேடிப்போய்த் திட்டுவார். திட்டி முடித்து அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்டவரைத் தானாக விழுந்தவர் என்று எழுதி மூடிவிடப் பார்க்கிறார்கள்.

அன்று அந்த பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். இறங்கும்போது "யாரும் ஒண்ணியும் பாக்கல, புரிஞ்சிதா?" என்று சூப்பர்வைசர் சொன்னாராம். செல்வம் நேற்று என்னோடு காவல் நிலையத்துக்கு வந்து, பார்த்ததைச் சொன்னான். ஒருத்தன் சொன்னால் போதாது என்கிறார்கள்.

சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம். அழுகையை அவர் வீட்டாருக்கு விட்டுவிடுகிறேன். அந்த பஸ்ஸில் வந்தவர்களில் சிலர் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளை காலை பத்து மணிக்கு நானும் செல்வமும் காவல் நிலைய வாசலில் நிற்போம். மாலை போட வந்த நீங்கள் சாட்சி சொல்லவும் வாருங்கள்.